புளியங்கொட்டை நிறம்

...பச்சையை முதலில் ஒதுக்கிவிடலாம், பச்சையில் அவனுக்கு எப்போதுமே இஷ்டம் இருந்ததில்லை, களிம்பேறிய காசு கிணற்றடிப் பாசி மாதிரி, தொட்டால் விரலோடு வரும், பிறகு எத்தனை கழுவினாலும் போகாத ஒரு புளித்த வாடை... பச்சை இந்தப் பக்கம், கறுப்பு அந்தப் பக்கம், நடுவில் புளியங்கொட்டை நிறம். எதற்காக இப்போது பிரிக்க வேண்டும்? நாகேஸ்வரன் தன்னையே கேட்டுக்கொண்டான், கை மட்டும் தரையில் கொட்டிக் கிடந்த செப்புக்காசுகளைப் பிரித்துக்கொண்டே இருந்தது. ஆரியசாலையில் கோலப்பன் பிள்ளையின் பாத்திரக் கடையில் சேர்த்துவிட்டால் சாயங்காலம் பட்டறைக்காரன் வந்து வாரிக்கொண்டு போவான், நாளைக்கு உருக்கி அண்டாவாக வார்த்துவிடுவான், அண்டாவில் எது பச்சை, எது கறுப்பு? ராத்திரி வண்டியில் அவன் டில்லிக்குப் புறப்படுகிறான். யுத்தம் வந்ததிலிருந்து அங்கே புதிது புதிதாக ஆபீஸ்கள், பி.ஏ. என்று சொன்னால் போதும், நாற்காலி தந்துவிடுகிறார்கள். கரமனையில் இந்த வாடகை வீட்டை நாளைக்கு வேறு யாரோ வந்து திறப்பார்கள். புடவைகளையும் பாத்திரங்களையும் மாமியார் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், கட்டிலைப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டார்கள், யாரும் கேட்காத பொருள் இது ஒன்றுதான்.

உத்தியோகம் பார்த்த கச்சேரியில் பக்கத்து மேஜை சேஷன் சொன்னான், மியூசியத்தில் கொடுத்துடேன்டா, உன் பேரை எழுதிக் கண்ணாடிக்குள் வைப்பான் என்று. கொடுத்தால் எங்கேயாவது இருக்கும். உருக்கினால் இராது. ஆடியில் மனைவி லலிதா காய்ச்சலில் போனபிறகு அவனாக வேண்டும் என்று நினைத்தது இந்த ஒன்றுதான், இது இராமல் போகட்டும் என்பது. அதையும் கோபத்தோடோ துக்கத்தோடோ நினைக்கவில்லை, ஜன்னலைச் சாத்தவேண்டும் என்று நினைப்பதுபோல நினைத்தான். அவன் அழவில்லை என்று தெருவில் பேச்சு. மாமியார்கூட ஒருநாள் அவனை உற்றுப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு மனசு கல்லாயிடுத்து என்றாள். கல்லானால் கனக்க வேண்டாமோ? ஒன்றும் கனக்கவில்லை. ஆவணியிலேயே ஜாதகங்கள் வர ஆரம்பித்தன, அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, டில்லிக்கு மனுப் போட்டான். பிரித்து வைத்த மூன்று குவியலையும் மறுபடி ஒன்றாகக் கலந்து துணிப்பையில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினான்.

வெயில் இருந்தது, கரமனைத் தெருவில் யாரோ அப்பளம் காயப்போட்டிருந்தார்கள், பை தொடையில் தட்டித் தட்டி ஒரு மந்தமான சத்தம், வெள்ளி என்றால் கிணுகிணுக்கும், செம்பு முனகத்தான் முனகும்... காலேஜில் சரித்திரம் படித்தபோது பிடித்த பழக்கம் இந்தக் காசு சேர்ப்பது. சோழன் காசு, வேணாட்டுக் காசு, டச்சுக்காரன் காசு, எல்லாம் பழைய பாத்திரத்தோடு பாத்திரமாக எடை போட்டு விற்க வருவது, கோலப்பன் பிள்ளை உருக்கக் கொடுக்கும் முன்னால் அவனுக்காக எடுத்து வைப்பார். மற்றவர்கள் ராஜாவின் பேரைப் பார்ப்பார்கள், எழுத்தைப் பார்ப்பார்கள், அவன் நிறத்தைப் பார்த்தான். பேர் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, நிறம் வேண்டும், புளியங்கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்ததுபோல ஒரு கபிலம், உள்ளுக்குள் கொஞ்சம் சிவப்பு ஒளிந்திருக்க வேண்டும். லலிதாவுக்குப் புரிந்ததே இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் காசுகளைத் தாம்பாளத்தில் பரப்பி அவளுக்குக் காட்டினான், அவள் கன்னத்தில் கைவைத்துக் கொண்டு பார்த்தாள். ஏன்னா, செம்புன்னா சிவப்பாத்தானே இருக்கணும், இதென்ன, அடிப்பிடிச்ச பாயசம் மாதிரி? அதாக்கும் அழகு, என்றான். நன்னா இருக்கு அழகு, புளி போட்டு ரெண்டு தேய் தேய்ச்சா ஜம்முனு ஆயிடும். தேய்ச்ச காசு செத்த காசு, என்றான் அவன், கொஞ்சம் கடுமையாகவே சொல்லியிருப்பான், அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டது நினைவிருக்கிறது. பிறகு அதையே அவள் விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைத் தேய்த்து வைத்துவிட்டு, வந்து பாருங்கோ, உங்க கணக்குல இது செத்த விளக்கு, என்பாள்.

கிள்ளிப்பாலம் வந்துவிட்டது, எப்படி வந்தான்? தண்ணீர் கலங்கி ஓடிற்று, அதுவும் ஒரு செம்மண் நிறம், காசுக்கு ஆகாத நிறம்... எதைப் பார்த்தாலும் இப்படித்தான். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் ஏறிக் கிடந்தவள் உதடு என்ன நிறமாக இருந்தது என்றுகூடச் சொல்ல முடியும், அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்பதுதான் நினைவில்லை. தண்ணீர் கேட்டாளோ? இல்லை, அது பக்கத்துக் கட்டில். ஒருநாள் சாயங்காலம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, தை மாதமாக இருக்கும், விளக்கடியில் உட்கார்ந்து காசுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான், ஒன்று கையில் வந்தது, அதை விளக்குக்கு நேரே பிடித்து, இதோ பார் லலிதா, இது ஐந்நூறு வருஷத்து நிறம், மண்ணுக்குள்ளே கிடந்து கிடந்து ஏறினது, மனுஷாளால் பண்ண முடியாது என்றான். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மனுஷாளால் முடியாதா? என்று கேட்டாள். முடியாது. ஆராலும்? ஆராலும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கிற்று, கேலி பண்ணுகிறாள் என்று நினைத்து அவனும் கோபித்துக்கொண்டு காசை மற்றவைகளோடு போட்டுவிட்டான். அவ்வளவுதான், அதில் ஒன்றும் இல்லை. எதற்காக அந்தச் சாயங்காலம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது?

கோலப்பன் பிள்ளை கடை வாசலில் ஈயம் பூசாத உருளிகள் கவிழ்ந்து கிடந்தன. பிள்ளை அவனைப் பார்த்ததும் மனைப்பலகையைத் தள்ளிப் போட்டார். "வரணும் சாமி. டில்லிக்கு இன்னைக்குத்தானே? அங்க போனா பாதுஷாமாரு காசு கிட்டும்லா. புதுசு பிடிக்கப் போறதுக்காக்கும் பழசைத் தலைமுழுகுறிய." அவன் பையை நீட்டினான், எல்லாத்தையும் உருக்கக் கொடுத்துடுங்கோ என்றான். பிள்ளை பையைத் தூக்கிப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கேலியை விட்டுவிட்டார். "ஒண்ணு ரெண்டாவது வச்சுக்கப்படாதா?" வேண்டாம். "நான் எடுத்து வச்சதாக்கும் அம்புட்டும். உருக்குறதுக்குன்னா அன்னைக்கே உருக்கியிருப்பேனே." வேண்டாம் என்றான் மறுபடி. அவர் பையைத் தராசுத் தட்டில் கவிழ்த்தார், தட்டு நங்கென்று இறங்கிற்று. தனக்கு ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை, சரி, முடிந்தது, வெற்றிலை எச்சில் கறை படிந்த தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதுவும் ஒரு நிறம்...

சத்தம் கேட்டுப் பிள்ளையின் மனைவி பொன்னம்மை உள்ளேயிருந்து வந்தாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி. "சாமியா? வெயில்ல வந்திருக்கிய. மோரு இருக்கு, நாங்க தந்தா நீங்க குடிக்க மாட்டிய, கேக்காம இருக்கவும் எனக்கு மனசு வரல்ல." அவன் பரவாயில்லை என்று தலையை ஆட்டினான். அவள் தட்டைப் பார்த்தாள். "இதையா உருக்கப் போறிய? அந்தப் பிள்ளை கொண்டு வந்தாளே, அந்தக் காசும் இதிலதான் கெடக்கா?" எந்தப் பிள்ளை என்று அவன் கேட்டான். "ஏட்டி," என்றார் பிள்ளை, "உள்ள உனக்குச் சோலி ஒண்ணும் இல்லியா?" "இருக்கட்டும். சாமிகிட்டச் சொல்லப்படாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டுப் போனா. அவளே போய்ச் சேந்துட்டா, இனி நான் யாருக்காக மூடி வைக்கணும்? ஒங்க வீட்டுப் பிள்ளைதான் சாமி, லலிதா."

அந்தப் பேர் இந்தக் கடையில், செப்புக் குடங்களுக்கு நடுவில், வேறொருத்தர் வாயில்... அவன் மனைப்பலகையில் உட்கார்ந்தான்.

"போன கார்த்திகைக்கு மறுநா. வேலைக்காரியக் கூட்டிக்கிட்டு வந்தா. உள்ளங்கையில ஒரு காசு, இப்பம் அடிச்செடுத்த மாதிரிப் பளபளன்னு இருக்கு. அழுகாளா சிரிக்காளான்னு தெரியல்ல. கார்த்திகைக்கு விளக்கெல்லாம் தேய்ச்சேன் ஆச்சி, தாம்பாளத்துல இது ஒண்ணு கெடந்தது, எப்படி இருக்கும்னு பாக்கலாமேன்னு புளி போட்டுட்டேன், அவர் பாத்தார்னா தேய்ச்ச காசு செத்த காசும்பார், இதைப் பழையபடி ஆக்கித் தாங்கோன்னு நிக்கா. நான் என்ன கண்டேன்? வாத நோவுக்குச் செப்புக் காப்புப் போடுதோம்லா, வேர்வை பட்டுப் பட்டுக் கறுக்குதுல்லா, அது மாதிரி இடுப்புல சொருகிக்க மக்கா, தோலோட ஒட்டிக் கிடக்கணும், ராத்திரியும் எடுக்கப்படாது, பைய நிறம் ஏறும்னு சொன்னேன். பொறவு வரவேயில்ல." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏறிச்சா சாமி?"

மார்கழியில், விடிவதற்கு முன்னால் அவள் குளித்துவிட்டுப் புடவை மாற்றும்போது இடுப்பில் வட்டமாக ஒரு பச்சைத் தழும்பு, அவன் படுக்கையிலிருந்தே பார்த்தான், என்னது அது என்று கேட்டான். சாவிக்கொத்து அழுத்தினது, என்றாள், திரும்பிக்கொண்டாள். சாவி இரும்பு. இரும்பு பச்சையாகுமா? களிம்பின் பச்சையைத் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்கிறவன், சரி என்று போர்வையை இழுத்துக்கொண்டான்... அப்படியென்றால் மார்கழி முழுக்க அந்தக் காசு தாம்பாளத்தில் இல்லை. இல்லை என்பதை அவன் கவனிக்கவே இல்லை. சமையல் பண்ணும்போது, கோலம் போடக் குனியும்போது, அவன் பக்கத்தில் தூங்கும்போது, அவளிடம் இருந்திருக்கிறது. தையில் விளக்குக்கு நேரே பிடித்து ஐந்நூறு வருஷம் என்றானே... தோள் குலுங்கிற்றே. ஆராலும்? என்று கேட்டாளே.

"ஏறித்து" என்றான்.

பொன்னம்மை திருப்தியாகத் தலையாட்டினாள். பிள்ளை தட்டை அவன் பக்கம் தள்ளி, "அப்பம் அதை எடுத்துக்கிடும் சாமி, மத்ததைப் பட்டறைக்கு விடலாம். எதுன்னு ஒமக்குத் தெரியாதா, நிறத்துல ஒம்மை வெல்ல ஆளுண்டா?" என்றார். அவன் தட்டில் கை வைத்தான். பச்சைகள் வேண்டாம். கறுப்புகள் வேண்டாம். டச்சுக்காரன் காசு தடிமனே வேறு, வேண்டாம். கடைசியில் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை நிறம் மிஞ்சிற்று, எல்லாம் வழவழவென்று, எல்லாவற்றுக்குள்ளும் கொஞ்சம் சிவப்பு ஒளிந்திருந்தது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். இதுவா? இன்னொன்றை எடுத்தான். இதுவாகவும் இருக்கலாம். மண்ணில் கிடந்தது எது, அவள் இடுப்பில் கிடந்தது எது? விரல் நுனியால் தடவினான், மூக்கின் அருகே கொண்டுபோனான், செம்பு வாசனை, எல்லாவற்றிலும் அதே செம்பு வாசனை. அன்று அதில் என்ன எழுத்து இருந்தது? எழுத்தைப் பார்க்கவில்லை. அவன் எழுத்தைப் பார்க்கிறவன் இல்லையே. பிள்ளையும் பொன்னம்மையும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதுதான்" என்று கையில் வந்த ஒன்றைத் தனியே எடுத்தான், பிறகு, "இதுகளும் இருக்கட்டும்" என்று அந்தக் கைப்பிடியையும் பைக்குள் போட்டுக்கொண்டான். இதுதான் என்றபோது குரல் சரியாக இருந்ததா என்று தெரியவில்லை. பொன்னம்மை, "பத்திரமாப் போய்ட்டு வாங்க" என்றாள், பிள்ளை பச்சையும் கறுப்புமாகக் கிடந்த தட்டைத் துணி போட்டு மூடினார்.

தெருவில் மாட்டுவண்டிகள் நின்றன, கருப்பட்டி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், யாரோ மலையாளத்தில் வழி கேட்டார்கள், அவன் கையைக் காட்டினான். தனியே எடுத்த காசு இன்னும் உள்ளங்கையில் இருந்தது. பையில் போடலாம். போடவில்லை, நடந்துகொண்டே வேஷ்டி மடிப்பை விலக்கி இடுப்பில் செருகிக்கொண்டான், தோலில் பட்டதும் சில்லென்றது, கூசிற்று, அவளுக்கும் முதல்நாள் கூசியிருக்கும்... இது அது இல்லாமலும் இருக்கலாம். அப்படியென்றால் டில்லி போய்ச் சேர்ந்து மற்றவைகளையும் ஒவ்வொன்றாக... சே, என்ன பைத்தியக்காரத்தனம். கிள்ளிப்பாலத்தில் ஏறும்போது இடுப்பில் குளிர்ச்சி இல்லை என்பது தெரிந்தது. அழுத்தமும் இல்லை, ஒன்றுமே இல்லை, விழுந்துவிட்டது என்று நினைத்தான், நின்றான், பின்னால் வந்தவன் இடித்துவிட்டு ஏதோ சொல்லிக்கொண்டு போனான். கையை விட்டுப் பார்த்தான். காசு வைத்த இடத்தில்தான் இருந்தது. உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டிருந்தது, அதனால் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்படியென்றால் லலிதா போன இத்தனை மாதமாக அவனுக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது... அவன் அதை முடிக்கவில்லை. வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. வேஷ்டி மடிப்பின் மேல் வைத்த கையை எடுக்காமல், வயிற்று வலிக்காரன் போல, கரமனையைப் பார்த்து நடந்தான்.