வேலியைப் போடச் சொல்லு

மார்க்கெட் சுவரில் அங்கமுத்து மாமாவின் அப்பாவுக்கு அக்குளில் நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கமுத்து மாமாவின் அப்பா என்று அப்போது எனக்குத் தெரியாது. கையில் கெம்போங் மீன் பையோடு நின்று, வாயெல்லாம் பல்லாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோலாலம்பூரிலிருந்து வந்த ஓவியர்கள் இரண்டு பேர் ஏணியில் நின்றார்கள். முப்பதடிச் சுவரில் ரப்பர்த் தோட்டத்து ஆறு பால்மரத் தொழிலாளிகள், ஆறு பேருக்கும் இரண்டு கைகளும் மேலே, ஆறு பேருக்கும் வாய் திறந்திருந்தது. கீழே ஆளுயர எழுத்தில் 'மெர்டேக்கா' என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். நாட்டின் சுதந்திரத்துக்கு, மெர்டேக்காவுக்கு, அறுபது வருஷம் ஆனதைக் கொண்டாட, பழைய போட்டோ ஒன்றைப் பார்த்து மாவட்ட மன்றம் போடுகிற படம். என் படம் என்றே சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த போட்டோவைக் கண்டுபிடித்துத் தமிழ்ப் பேப்பரில் போட்டவள் நான்தான். அந்தப் பெருமையில் மீன் நாறுவதுகூடத் தெரியவில்லை.

குடைக் கொக்கி ஒன்று பின்னாலிருந்து என் பையைப் பிடித்து இழுத்தது.

"நீதானம்மா பேப்பர்ல எழுதுற தவமணி?"

பழைய ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்து ஓய்வுபெற்ற அங்கமுத்து மாமா. எழுபத்தாறு வயது. என் பிரசவத்தின்போது ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் என்பதால் எனக்கு அவரைத் தெரியும். அதற்கு மேல் பழக்கமில்லை.

"ஆமா மாமா."

"அந்தக் கோடியில நிக்கிற ஆளு யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"தோட்டத்து ஆளு மாமா. மெர்டேக்கா அன்னிக்கு எடுத்த படம்லா அது."

"ஒன் தலை. அது எங்கப்பன் வைரன். மெர்டேக்கா அன்னிக்கு அவரு நாகப்பட்டணத்துல பிச்ச எடுத்துக்கிட்டுக் கெடந்தாரு."

சத்தம் கேட்டு ஏணியில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நான் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்காக என்னையே அறையத் தோன்றுகிறது.

அவரைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப் போனேன். தே தாரேக் ஆறி ஏடு கட்டும் வரை அவர் தொடவே இல்லை. அந்தப் படம் ஐம்பத்தொன்றில் எடுத்தது என்றார். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்த அவசரகாலம். மூங்கில் தோட்டம் என்ற ரப்பர் எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி இரண்டாள் உயரத்துக்குக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். விடியற்காலை ஆறு மணிக்குப் பால் வெட்டப் போகிறவர்கள் கேட்டருகே வரிசையில் நிற்க வேண்டும். ஒரு பிடி அரிசி, ஒரு வாய் சோறுகூட வெளியே போகக்கூடாது, காட்டுக்காரனுக்குப் போய்விடுமாம். காலை அகட்டி, இரண்டு கையையும் தூக்கி நிற்க, ஸ்பெஷல் போலீஸ்காரன் கழுத்திலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்ப்பான். அரிசியை அதக்கிக்கொண்டு போகிறார்களா என்று பார்க்க வாயையும் திறந்து காட்ட வேண்டும்.

"அதாம்மா அந்த வாயி. கோஷம் போடுற வாயா அது? அன்னிக்கு எங்கப்பா தலப்பாவுல ரெண்டு உருண்ட சோறு இருந்திச்சி. அவருக்கு வயித்துல புண்ணு, மத்தியானம் சாப்பிடாட்டிச் சுருண்டுக்குவாரு. 'எனக்குத்தான் துவான், மத்தியானத்துக்கு துவான்'னு போலீஸ்காரன ஐயா ஐயான்னு கெஞ்சி அழுதாரு. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டிருக்கேன், பத்து வயசு எனக்கு. லாரியில ஏத்துனானுங்க. ஏழு மாசம் கேம்ப்புல வச்சிருந்து கப்பல்ல அனுப்பிட்டானுங்க. நாலு வயசுல இங்க வந்த மனுஷன், அந்த ஊருல யாரத் தெரியும்? நாகப்பட்டணத்துல பிச்ச எடுத்துத் திங்கிறேன்னு ரெண்டு கடுதாசி வந்துச்சி, ரெண்டாவது வந்தது மெர்டேக்கா வருஷம். அப்புறம் அதுவும் இல்ல." குடையைத் தரையில் ஒரு குத்துக் குத்தினார். "அவரோட ஒரு போட்டோ இல்ல எங்கிட்ட. இருக்கிறது இது ஒண்ணுதான். அதக் கொண்டு போயி மெர்டேக்கான்னு எழுதி மார்க்கெட்டுல ஒட்டுறீங்களா? நாட்ட விட்டுத் தொரத்தப்பட்டவன் வாயில வாழ்க கோஷத்த வைக்கிறீங்களா?"

"இத்தன வருஷமா ஏன் மாமா சொல்லல?"

"பேப்பர்ல போட்டப்ப என் பொண்டாட்டி படுத்த படுக்கை. பேப்பரு மறுநாளு கருவாட்டுக்குப் போயிரும்னு விட்டுட்டேன். இது செவுரு. நான் கீர வாங்கப் போறப்பல்லாம் பாக்கணும். எங்கப்பன எறக்கு. இல்லன்னா வேலியப் போடச் சொல்லு. ரெண்டுல ஒண்ணு."

அன்று ஆகஸ்ட் பத்தொன்பது. திறப்பு விழா முப்பத்தொன்றாம் தேதி.

எனக்கு வந்த கோபம் முதலில் அவர் மேல்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு கிழவர் வந்து என் ஒரே பெருமையில் மண்ணை அள்ளிப் போடுகிறாரே என்றிருந்தது. நேரே ஆ செங்கின் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன். படத்தை எனக்குக் கொடுத்தவர் அவர். எடுத்தவர் அவருடைய அப்பா. ஆ செங் என்னோடு பேசுவது பாதி மலாய், பாதி மார்க்கெட் தமிழ்.

"மெர்டேக்கா அன்னிக்கா? எங்கப்பா கடைய மூடிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிட்டாரு. வாத்துக்கறி அங்க. ஒரு படம்கூட எடுக்கல."

"பின்ன எனக்கு ஏன் குடுத்தீங்க?"

"நீ தோட்டத்துப் பழைய படம் வேணும்ன, குடுத்தேன். மெர்டேக்கான்னு எழுதுனது நீ. நான் பேப்பர்ல படத்தப் பாத்துட்டுச் சிரிச்சேன். தமிழ் எனக்குப் படிக்கத் தெரியாது, சரி, என்னவோ எழுதியிருக்கன்னு விட்டுட்டேன்."

பெட்டியிலிருந்து அசலை எடுத்துப் போட்டார். பின்பக்கம் கடை முத்திரை, 1951 மார்ச். தோட்டத்துத் துரை தன் காவல் எவ்வளவு பலமானது என்று மேலிடத்துக்குக் காட்ட எடுக்கச் சொன்ன படமாம். திருப்பினேன். ஆறு பேருக்கு வலப்பக்கம் முள்கம்பி வேலி. அதற்கு முன்னால், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெல்ட்டும் தொப்பியுமாக ஒருவன். அவனுடைய வலது கை அங்கமுத்து மாமாவின் அப்பாவின் விலாவில் இருந்தது.

அந்த முதுகை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அலுவலகத்திலிருந்து போன் வந்தது, இரண்டு பத்தி அகலத்துக்குத்தான் இடம் இருக்கிறது, அதற்கேற்ற படமாக அனுப்பு என்று. ஆகஸ்ட் மாதம் ஒவ்வொரு ஊர் நிருபரும் ஒரு மெர்டேக்கா படம் அனுப்பியே ஆக வேண்டும். மாலை பஸ்ஸில் பார்சல் போக வேண்டும். வலது ஓரத்தில் யாரோ ஒருவனின் முதுகு, தெளிவில்லாத கோடுகள், இது எதற்கு என்று ஆ செங் கொடுத்த நகலைக் கத்தரிக்கோலால் நறுக்கினேன். கை தூக்கியிருக்கிறார்கள், வாய் திறந்திருக்கிறது, ஆகஸ்ட் மாதம். வேறென்னவாக இருக்கும்? ஒரு வார்த்தை யாரையும் கேட்கவில்லை. 'சுதந்திர முழக்கமிடும் தோட்டத் தொழிலாளர்கள்' என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். என் பெயரை மட்டும் மறக்கவில்லை பாருங்கள்.

அன்றே செய்தி ஆசிரியருக்குப் போன் போட்டேன். தவறு என்னுடையது, திருத்தம் போட வேண்டும், முழுப்படத்தையும் போட வேண்டும் என்றேன். மறுமுனையில் அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"இந்த மாசம் போயி இதையா போடச் சொல்ற? எல்லாரும் கொடி பிடிச்சிக்கிட்டிருக்கான், நீ முள்கம்பியத் தூக்கிட்டு வர்ற."

"தப்பா எழுதிட்டோம் சார்."

"எழுதுனது பதினோரு வருஷத்துக்கு முன்னாடிம்மா. அந்தப் பேப்பர வச்சி நாசி லெமாக் சோறு மடிச்சவன் செத்தே போயிருப்பான். செப்டம்பர்ல பாப்போம். இல்லாட்டி ஒண்ணு செய்யி, அந்தக் கிழவர அவங்கப்பாவுக்கு நினைவஞ்சலி விளம்பரமாக் குடுக்கச் சொல்லு. அதுல அவரு எது வேணாலும் எழுதிக்கலாம், நாங்க கை வைக்க மாட்டோம்."

எங்கள் பேப்பரில் உண்மை எழுத ஒருவன் செத்திருக்க வேண்டும், அவன் பிள்ளை விளம்பரமும் கொடுக்க வேண்டும். போனை வைத்துவிட்டு வீட்டில் இருந்த பழைய பேப்பர் கட்டையெல்லாம் வாசலில் தூக்கி எறிந்தேன்.

மாவட்ட மன்றத்தில் பாரம்பரியப் பிரிவு அதிகாரி புவான் ரொஸ்லினா. நல்ல மாதிரியான பெண். உட்காரச் சொல்லி, பலகாரம் எடுத்து வைத்தார். ஆ செங்கின் அசலை மேசையில் வைத்துச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார்.

"நாங்க சும்மா வரையல மேடம். ஆதாரம் பாத்துத்தான் செஞ்சோம். நாலு ஆதாரம் இருக்கு."

நாலையும் பரப்பி வைத்தார். பேங்க் கேலண்டர் ஒன்று, இடைநிலைப் பள்ளி ஆண்டு மலர் ஒன்று, மலாய் பேப்பரில் வந்த துணுக்கு ஒன்று. மூன்றிலும் ஓரம் நறுக்கிய அதே படம், என் வாசகத்தின் மொழிபெயர்ப்பு. நாலாவது, பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்த என் கட்டுரை.

"இது நான்தாங்க எழுதுனது. நான்தான் தப்புன்னு சொல்றேன்."

"அதான் மேடம், பேப்பர்ல வந்திருக்கே. நீங்க இப்ப வந்து வாயால சொல்றீங்க." அவருக்கே சங்கடமாக இருந்தது. "எழுதிக் குடுங்க. கமிட்டி அக்டோபர்ல கூடும். பெயிண்ட் எல்லாம் ஆயிருச்சி, நம்ம சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. திறப்பு விழாவுக்குத் தேதி குடுத்துட்டாரு. அதுவும் மெர்டேக்கா படத்துல முள்வேலி போட்டா, பாக்குறவங்க மனசு என்னவாகும் சொல்லுங்க."

"உள்ள நின்னவங்க மனசு?"

அவர் பலகாரத் தட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார்.

எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி செய்தியில் நான் எழுதியது பொய்' என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி வாங்கினேன். இருபது வருஷமாக நான் எழுதியவற்றில் யாரும் அச்சிடாத ஒரே நிஜம் அதுதான். பேஸ்புக்கில் முழுப்படத்தையும் போட்டேன். முதல் பதிலே, 'பழசையெல்லாம் கிளறாமல் நாட்டை நேசியுங்கள் சகோதரி' என்று வந்தது. போட்டவன் என் பெரிய நாத்தனார் மகன்.

அங்கமுத்து மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கென்று ஆ செங் போட்டுக் கொடுத்த முழுப்படத்தின் நகலை நீட்டினேன். வெகுநேரம் அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. அந்த முதுகைத்தான் பார்த்தார்.

"இவனும் நம்ம ஊருக்காரன்தான். இவனுக்குச் சம்பளம், எங்கப்பனுக்குக் கப்பலு. சரி, அக்டோபர் வரைக்கும் எங்கப்பன் செவுத்துல கத்திக்கிட்டே இருக்கணும்னு சொல்லிட்டாங்க, அப்படித்தான?"

"மன்னிச்சிருங்க மாமா."

"ஒன் மன்னிப்ப வச்சி நான் என்னாம்மா செய்யிறது? விழாவுக்கு நானும் வர்றேன். எத்தன மணிக்கு?"

முப்பத்தொன்றாம் தேதி காலை மார்க்கெட் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ஒய்.பி. ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக வந்தார். துணியை இழுத்தார்கள். நீல வானமும் மஞ்சள் வெயிலுமாகச் சுவர் பளபளத்தது. வேலி இருந்த இடத்தில் ஒரு செம்பருத்திச் செடி. ஓவியர்கள் ஆறு பேரின் முகத்தையும் கொஞ்சம் திருத்தியிருந்தார்கள். திறந்த வாய்கள் இப்போது சிரித்தன. அங்கமுத்து மாமா வெள்ளைச் சட்டை போட்டு, முன்வரிசைக்குப் பக்கத்தில் தன் அப்பாவின் நேர்கீழே நின்றார்.

அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். வழக்கம்போல் ஏழு தடவை மெர்டேக்கா சொல்ல வேண்டும், ஆனால் இன்று ஒரு விசேஷம், படத்தில் இருக்கும் நம் வீரர்களைப் போலவே எல்லோரும் இரண்டு கையையும் தூக்க வேண்டும், ஒய்.பி.யும் தூக்குவார் என்றார். கைகள் எழும்பின. அங்கமுத்து மாமா கையைத் தொங்கவிட்டபடி நின்றார்.

"அங்கள்! வெள்ளச் சட்ட அங்கள்! கையத் தூக்குங்க!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா அறிவிப்பாளரை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். குடையைக் கீழே வைத்தார். கால்களை அகட்டினார். இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கினார், விரல்களை விரித்து, உள்ளங்கை முன்னால் தெரிய. பிறகு வாயைத் திறந்தார்.

முதல் மெர்டேக்கா, இரண்டாவது, மூன்றாவது. கூட்டம் முஷ்டியை ஆட்டி ஆட்டிக் கத்தியது. மாமாவின் கைகள் ஆடவில்லை, திறந்த வாயிலிருந்து சத்தம் வரவில்லை. ஏழாவது முடிந்து கைதட்டினார்கள். ஒய்.பி. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மாமா அப்படியே நின்றார்.

"அங்கள், முடிஞ்சிருச்சி லா. கைய எறக்கலாம்!" அறிவிப்பாளர் சிரித்தார், கூட்டமும் சிரித்தது.

மாமா எல்லோருக்கும் புரியும்படி மலாயிலேயே சொன்னார். "இன்னும் தடவிப் பாக்கலியே, துவான்."

சிரிப்பு அங்கங்கே நின்றது. புவான் ரொஸ்லினா தலையைக் குனிந்துகொண்டார். மன்ற ஊழியர் ஒருவர் ஓடி வந்து மாமாவின் முழங்கையைப் பிடித்துக் கீழே அழுத்தினார். அந்தக் கை இறங்கவில்லை. எழுபத்தாறு வயதுக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, எனக்குத் தெரியாது.

பந்தலுக்கு வெளியே கீரை விற்கும் ஆ மோய் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் புதுக்கிராமத்துக்காரி, மாமாவைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். அவசரகாலத்தில் சீனர்களையும் அந்தப் புதுக்கிராமங்களில் வேலிக்குள் அடைத்து, கேட்டில் இப்படித்தான் தடவிப் பார்த்து வெளியே விட்டார்கள். அவள் மாமாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். மடியிலிருந்த காங்கோங் கீரைக் கட்டை எடுத்துக் கீழே வைத்தாள். முட்டியில் கை ஊன்றி எழுந்து, காலை அகட்டி நின்று, இரண்டு கைகளையும் தூக்கினாள். அவளுடைய பச்சைக்கல் வளையல் மணிக்கட்டிலிருந்து வழுக்கி முழங்கையில் போய் நின்றது.