மடி கிரீம்

எங்கள் ஸ்பா மேனேஜர் விஜயகுமாரி என் கன்னத்தை மோந்து பார்த்தபோது ரிசார்ட் ரிசப்ஷனில் பதினொரு பேர் இருந்தார்கள். எண்ணி வைத்திருக்கிறேன். சாவி வாங்க நின்ற இரண்டு வெள்ளைக்காரர்கள், டிரைவர்கள் மூன்று பேர், கேட் செக்யூரிட்டி, என்னோடு ஸ்பாவில் வேலை பார்த்த பூங்கொடி, மிச்சம் நாலு பேர் ரூம் சுத்தம் செய்கிற பெண்கள். மூக்கு என் தோலில் படுகிற அளவுக்குக் கிட்டே வந்து, இழுத்து மோந்து, "அதே வாசனைதான்" என்றாள். மாமல்லபுரத்தில் மீன் வாங்குகிறவர்கள்கூடச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். என்னை அந்த அளவுக்குக்கூட மதிக்கவில்லை அந்த மகராசி.

காணாமல் போனது பிரான்சிலிருந்து வந்த முகக் கிரீம், ஐம்பது கிராம் ஜாடி. என் ஒரு மாதச் சம்பளம் முழுசாகக் கொடுத்தாலும் அது கிடைக்காது. ஜாடி எங்கே என்று தேடுவதற்கு முன்பே அவள் ஆளைப் பிடித்துவிட்டாள். "போன மாசம் வரைக்கும் உப்புக் காத்துல வெடிச்சுக் கெடந்த மூஞ்சி இது. இப்ப பாருங்க எப்படி மின்னுது. சும்மா மின்னுமா?" இவ்வளவுதான் சாட்சி. என் பையைத் தரையில் கொட்டினார்கள். சாப்பாட்டு டப்பா, ஜெபமாலை, குடை. "பூசியே தீத்துட்டா" என்று சொல்லி அன்றைக்கே வெளியே அனுப்பினாள்.

என் முகம் மின்னியது உண்மை. அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர் ஜெரோம். அவர் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் கல்லுக்குப் பாலீஷ் போடுகிறவர். கல் தூசியும் தண்ணீரும் பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் பிளந்து ரத்தம் வரும். அங்கே வேலை செய்கிற ஆட்கள் எல்லோரும் செங்கல்பட்டில் மாட்டு மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். பால் கறக்கிற மாட்டின் மடி வெடித்தால் தடவுகிற களிம்பு. அவரும் ஒரு ட்யூப் வாங்கி வந்தார். ஒரு வாரத்தில் அந்தக் கைக்கு வந்த மெருகைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஸ்பாவில் ஜாடியைத் துடைக்கும்போது அதன் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைப் போனில் படம் எடுத்து வந்து, ட்யூபின் பின்னால் இருந்ததோடு வைத்துப் பார்த்தேன். கிளிசரின், ஆட்டு ரோமத்து மெழுகு, வாசலின் மாதிரி ஒன்று. முதல் நாலைந்து பெயர்கள் அப்படியே ஒன்று. ஜாடியில் கூடுதலாக இருந்தது ஏதோ பூவின் சென்ட்டு. அதற்குத்தான் அந்த விலை!

"அய்ய, அது மாட்டு மடிக்குப் பூசறதும்மே" என்றார் ஜெரோம்.

"உன் கைக்கு ஆவும்போது என் மூஞ்சிக்கு ஆவாதா?" என்று கேட்டுவிட்டுப் பூசிக்கொண்டேன்.

இதை ரிசப்ஷனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்ல வாய் திறந்தேன். மாட்டு மடிக்குப் போடுகிறதை மூஞ்சியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அந்தப் பதினொரு பேரும் சிரிப்பார்களே என்று கூச்சமாக இருந்தது. திருடி என்ற பெயரா, மாட்டு மருந்து பூசினவள் என்ற பெயரா என்று அந்த ஒரு நொடியில் தராசு பிடித்தேன். பைத்தியக்காரி, வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் ஈசிஆர் ரோடு முழுக்க ரிசார்ட் ரிசார்ட்டாக அலைந்தேன். எந்த கேட்டில் போய் நின்றாலும் "அந்த கிரீம் கேஸா?" என்றார்கள். கடைசியில் அணுபுரம் டவுன்ஷிப்பில் பார்வதம் மாமி வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் வீடு துடைக்கவும் வேலை கிடைத்தது. நல்ல மனுஷி. ஒரு நாள் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "உன் மூஞ்சி என்னடி இப்படிப் பளபளங்கறது? என்ன போட்டுக்கறே?" என்று கேட்டார்.

இந்தத் தடவை மறைக்கக் கூடாது என்று தீர்மானமாக இருந்தேன். "மடி கிரீமுங்க மாமி. செங்கல்பட்டுல வாங்கினு வரேன்" என்றேன்.

மாமி முகம் மலர்ந்துவிட்டது. "மடியாப் பண்றாளா? பரவாயில்லையே, இந்தக் காலத்துல யாரு ஸ்நானம் பண்ணி ஆசாரமா கிரீம் கிண்டறா!"

நான் சொன்னது மாட்டு மடி. மாமி காதில் விழுந்தது சாமி காரியத்துக்குக் கட்டுகிற மடி. திருத்துவதற்காக நான் வாயெடுக்கும்போதே மாமி அடுத்ததைச் சொன்னார். "மேல் மாடில விஜயகுமாரின்னு ஒருத்தி, ரிசார்ட்டுல பெரிய வேலை. இப்பல்லாம் விரதம், மடின்னு ஒரே பிடிவாதம். ஃபாரின் கிரீம்ல என்ன கொழுப்பு கலக்கறாளோன்னு விட்டுட்டா. மூஞ்சி தோல் தோலா உரியறது, பாவம். அவளுக்கும் ஒண்ணு வாங்கிண்டு வாயேன்."

எடுத்த வாயை அப்படியே மூடினேன். ரிசார்ட்டில் நான் கொடுத்த தண்ணீர் பாட்டிலைக்கூட மூடி திறக்காததுதானா என்று திருகிப் பார்த்து வாங்குகிறவள் அவள். என் வயிற்றில் குளுகுளுவென்று இருந்தது. ஏன் மறைக்க வேண்டும், சந்தோஷமாக இருந்தது.

வெள்ளை டப்பாக்கள் வாங்கினேன். களிம்பைப் பிதுக்கி நிரப்பிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் அந்த பிளாக்கே பூசியது. ஒருத்திக்கும் ஒரு பரு கிளம்பவில்லை. நான் முதலில் பூசிப் பார்த்ததைத்தானே கொடுத்தேன். யாராவது யார் செய்கிறார்கள் என்று கேட்டால் மாமியே பதில் சொல்லிவிடுவார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. படியில் விஜயகுமாரி வருகிற சத்தம் கேட்டால் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். அவள் முகத்தில் அது நன்றாக ஊறட்டும் என்று காத்திருந்தேன்.

ஆடி வெள்ளி சாயங்காலம் மாமி வீட்டில் விளக்கு பூஜை. கூடத்தில் எட்டுப் பேர். நான் கொல்லைப் பக்கம் தவலை தேய்த்துக்கொண்டிருந்தேன். விஜயகுமாரி குரல் கணீரென்று வந்தது. "இருபது வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன் மாமி. எந்த ஃபாரின் கிரீமும் இதுகிட்ட நிக்காது. எங்க ஸ்பாவுக்கே ஆர்டர் குடுக்கலாம்னு பாக்கறேன். யாரு பண்றாங்க?"

"நம்ம ரெஜினாதான் வாங்கிண்டு வரா. பின்னாடி இருக்கா, போய்க் கேளேன்."

வந்தாள். என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அன்னிக்கி நான் பூசினு வந்தது இந்த கிரீம்தான் மேடம்" என்றேன்.

அவள் கதவைச் சாத்தினாள். குரலை இறக்கினாள். "ரெஜினா, அந்த ஜாடி மறுநாளே கெடச்சிடுச்சு. டவல் கூடைக்கு அடியில இருந்துச்சு."

தவலையைக் கீழே வைத்தேன். "யார்கிட்டனா சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? ஓனர் என்னைத்தான கேப்பாரு? என் வேல போயிடும்ல."

அவள் வேலை போய்விடுமாம். நாலு மாதம் நான் வெயிலில் பார்த்த கேட்டெல்லாம் கண்முன் வந்தது. அவள் கழுத்தைப் பிடித்துத் தவலைக்குள் அமுக்க வேண்டும் போல இருந்தது.

"இப்ப சாரி சொல்றேன். திரும்ப வேலைக்கு வா. சம்பளம் கூடப் போட்டுத் தரச் சொல்றேன்."

பொய் சொல்ல மாட்டேன், ஆசை வந்தது. மகள் சிநேகா கல்லூரியில் படிக்கிறாள். ஜெரோமுக்கு தூசி இருமல் விடுவதில்லை. "வரேன் மேடம். கூடத்துல வந்து சொல்லிட்டு கூப்புடுங்க, வரேன்."

"அவ்ளோ பேர் முன்னாடியா?"

"பதினோரு பேர் முன்னாடிதான மோந்தீங்க? இங்க எட்டு பேருதான் கீறாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். போய்ச் சொல்லத்தான் போகிறாள் என்று ஒரு கணம் நம்பினேன். கையைத் துடைத்துக்கொண்டு கதவருகே நின்றேன்.

"பேசிட்டேன் மாமி" என்றாள். "செய்யறவங்க அட்ரஸ நானே கண்டுபிடிச்சுக்கறேன். அப்புறம் மாமி, தப்பா நெனச்சுக்காதீங்க. பீரோ சாவியெல்லாம் கொஞ்சம் பத்திரமா வெச்சுக்குங்க. இவ எங்ககிட்டதான் வேல செஞ்சா."

எல்லோரும் கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமியும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

சரி, அவ்வளவுதான். இந்த வேலையும் போகும், மாமியின் பிரியமும் போகும். போகட்டும். இன்னும் டப்பாவில் நிரப்பாத புது ட்யூப் ஒன்று பையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, துடைப்பதற்கு மட்டுமே நான் நுழைகிற கூடத்துக்குள் நேராக நடந்தேன். வெற்றிலையும் மஞ்சளும் வைத்திருந்த தாம்பாளத்தில், படம் மேலே தெரிகிறபடி வைத்தேன். நாலு காம்போடு நல்ல கொழுத்த பசுமாட்டுப் படம்.

"இதாங்க மாமி மடி கிரீம். இதத்தான் நான் மூஞ்சில பூசினு வேலைக்குப் போனேன். இந்த மேடம் மோந்து பாத்து, பிரான்ஸ் கிரீம திருடிட்டேன்னாங்க. அந்த ஜாடி மறுநாளே கெடச்சிச்சாம். இப்பதான் கொல்லையில சொன்னாங்க."

"வேணாம் மாமி, அதத் தொடாதீங்க" என்று விஜயகுமாரி எழுந்தாள். மாமி அதற்குள் ட்யூபை எடுத்துவிட்டார். எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். பிறகு பின்னால் இருந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். "கால்நடை... உபயோகத்துக்கு... மட்டும்."

அத்தனை பேர் கையும் கன்னத்துக்குப் போய், தொடாமல் நின்றது. நான் சுற்றி ஒரு முறை பார்த்தேன். குத்துவிளக்கு வெளிச்சத்தில் எல்லா முகமும் ஒன்றுபோல மினுமினுவென்று இருந்தது, என்னுடையதும்.