பக்கத்து இருக்கைக்காரியின் கனவு

யூரிம் கர்ப்பமாக இருப்பது அவளுக்கும், கணவன் தேஷிக்குக்கும், சியோலில் அவளைப் பார்க்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரியும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பதில் அவள் கண்ணும் கருத்துமாக இருந்தாள்.

போன முறை ஊரைக் கூட்டிச் சொன்னார்கள். பிள்ளை பெற்றதும் சூப் வைத்துக் குடிக்க வேண்டுமென்று ஜெஜு தீவிலிருந்து மாமியார் ஒரு கட்டுக் காய்ந்த கடற்பாசியை அப்போதே அனுப்பிவிட்டார். மூன்று மாதம் முடிவதற்குள் எல்லாம் கலைந்துபோயிற்று. ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் யூரிமை உடைத்தது. கடற்பாசிக் கட்டு இன்னும் பிரிக்கப்படாமல் சமையலறை அலமாரியின் மேலே கிடந்தது.

இப்போது ஜெஜுவில் குடும்பத்துக் கல்லறைகளில் புல் வெட்டும் காலம். உறவு முழுக்கக் கூடும்; மருமகள் வராவிட்டால் ஏன் என்ற கேள்வி வரும். தேஷிக் முன்னாலேயே போய்விட்டான். யூரிம் மருத்துவரிடம் கேட்டாள். விமானம் ஒன்றும் செய்யாது, தண்ணீர் நிறையக் குடி, பெல்ட்டை அடிவயிற்றுக்குக் கீழே போட்டுக்கொள் என்றார் அவர். முதல் ஸ்கேனில் ஒரு கறுப்புப் புள்ளிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. நாள் போதாது, ஊருக்குப் போய்விட்டு வா, துடிப்பைப் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்.

யூரிமுக்கு அடுக்குமாடிகளின் லிஃப்டுகளைச் சோதிக்கும் வேலை. கயிறும் பிரேக்கும் சரியாக இருந்தால் பெட்டி விழாது என்பதைத் தவிர அவளுக்குப் பெரிய நம்பிக்கைகள் கிடையாது. கர்ப்பிணி என்று அடையாளம் காட்டச் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இளஞ்சிவப்பு வில்லையைக் கைப்பையின் அடியில் தள்ளிவிட்டு, தன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டாள்.

ஜன்னலோர இருக்கையில் அறுபதைத் தாண்டிய ஒரு பெண், மடியில் அரிசிப் பலகாரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். கேட்காமலேயே தன்னைப் பற்றிச் சொன்னாள். பெயர் சுன்தோக், தீவின் மேற்குப் பக்கம் ஆரஞ்சுத் தோட்டம், ஒரே மகள் கனடாவில், கல்யாணம் வேண்டாம் என்கிறாள். விமானம் மேலே எழும்புவதற்குள் குறட்டை விடத் தொடங்கிவிட்டாள். அவளுடைய கனத்த கை இருவருக்கும் பொதுவான கைப்பிடியைத் தாண்டி யூரிமின் கையோடு ஒட்டிக் கிடந்தது. அந்தக் கை சுட்டது. நகர்த்த இடமில்லை.

கடலுக்கு மேல் வந்தபோது குறட்டை பட்டென்று நின்றது. யூரிம் திரும்பினாள். சுன்தோக் கண்ணைத் திறந்து, அவளுடைய வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ல இன்னும் சொல்லலையா?" என்றாள்.

யூரிம் எதைச் சொல்லவில்லை என்று கேட்டாள். கேட்ட குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"என்கிட்ட மறைச்சு என்னம்மா ஆகப்போகுது? இப்பதான் உன் கனவக் கண்டேன். எனக்கு வர வேண்டிய கனவு இல்ல அது. எனக்கு வயசு போச்சு, எம் மகளுக்கு மாப்பிள்ளையே இல்ல. என் கை உன் மேல பட்டுக் கெடந்துச்சுல்ல, அதான் வழி மாறி எனக்கு வந்துருச்சு."

பிள்ளை உண்டானால் யாராவது ஒருவருக்குக் கனவு வரும் என்பது யூரிமுக்கும் தெரிந்ததுதான். அவளுடைய அம்மாவுக்காக அத்தை ஒருத்தி பெரிய பூசணியைக் கனவில் கண்டாளாம், யூரிம் பிறந்தாள். போன முறை யாருக்கும் எந்தக் கனவும் வரவில்லை.

சுன்தோக் மெதுவாகச் சொன்னாள். நீலக் கூரை போட்ட ஒரு வீடு. முற்றத்தில் பழைய வாஷிங் மெஷின், அதற்குள் மண் கொட்டிக் கற்றாழை வைத்திருக்கிறார்கள். கடலிலிருந்து ஒரு கறுப்புக் குதிரைக்குட்டி சொட்டச் சொட்ட நனைந்து வந்து, நேராக வீட்டுக்குள் போய் அடுப்பங்கரை வாசலில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டது.

யூரிம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாமியார் வீட்டுக் கூரை நீலம். அந்த வாஷிங் மெஷினை உருட்டிக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்ததே தேஷிக்தான்.

"நல்ல கனவு," என்றாள் சுன்தோக். "ஆனா குட்டி ரெண்டு. இன்னொண்ணு வாசலுக்கு வெளியவே நின்னுச்சு. உள்ள வரல. கூப்பிட்டுப் பாத்தேன், என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

நல்ல கனவைக் கண்டவரிடம் வாங்கிக்கொள்வது வழக்கம்தான்; இதை வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டாள். தரை இறங்குவதற்குள் வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கனவு தன்னோடு தன் வீட்டுக்கு வந்துவிடும், அங்கே அதற்கு வேலையில்லை என்றாள். யூரிம் சிரிக்கப் பார்த்தாள். உள்ளே போன குட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று விளையாட்டாகச் சொன்னாள்.

"இதென்ன கடையில மீனு வாங்கறதா, தலைய வெட்டிட்டு மிச்சத்தக் குடுன்னு கேக்க? வாங்கினா ரெண்டையும் வாங்கு. இல்லன்னா விடு."

யூரிம் வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் விமானம் குலுங்கியது. பெரிய குலுக்கல் இல்லை, கடல் காற்று எப்போதும் செய்வதுதான். ஆனால் அவளுக்கு அடிவயிற்றில் ஏதோ பிடித்து இழுத்தது. பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்ததும் எழுந்து கழிப்பறைக்குப் போனாள். துடைத்த காகிதத்தில் துருவின் நிறத்தில் ஒரு கோடு.

அந்தச் சின்ன அறையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. இன்னும் எத்தனை பேரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் மனம் முதலில் கணக்குப் போட்டது. இந்த முறை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நினைவு வந்தபோது நிம்மதி வரவில்லை. அப்படியொன்று இருந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடுமே என்றிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், "பெரியம்மா, வாங்கிக்கறேன்," என்றாள்.

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

சுன்தோக் பணம் வேண்டாமென்று கையை ஆட்டினாள். உடம்பில் கிடக்கிற ஏதாவது ஒன்றைக் கொடு என்றாள். யூரிம் கழுத்தில் சுற்றியிருந்த பச்சைத் துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். சுன்தோக் அதைத் தன் கழுத்தில் கட்டி முடிச்சுப் போட்டாள். முகத்திலிருந்து ஏதோ ஒன்று வழிந்து இறங்கியதுபோல இருந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கீழே தெரிந்த மீன்பிடிப் படகுகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

சக்கரம் தரையில் பட்டதும் யூரிமுக்கு ஒன்று கேட்கத் தோன்றியது. "பெரியம்மா, வெளிய நின்ன குட்டி என்ன நெறம்?"

சுன்தோக் அவளைப் புதிதாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள். "எந்தக் குட்டி? உங்க வீட்ல நாய் போட்டிருக்கா?"

கனவைப் பற்றிக் கேட்பதாக யூரிம் சொன்னாள். நான் எங்கே கனவு கண்டேன், குறட்டை விட்டுத் தூங்கினேன் என்று அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கழுத்துத் துணியைத் தடவினாள்.

"இது நல்லாருக்குல்ல? எங்க வாங்கினேன்னுதான் ஞாபகம் வரல."

தேஷிக் லாரியோடு வந்து காத்திருந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே வண்டியை வீட்டுக்குத் திருப்பாமல் நகரத்து மகப்பேறு மருத்துவமனைக்கு விட்டான். அங்கே இருந்த இளம் பெண் மருத்துவர் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, கரு இருக்கும் பை ஒன்றில்லை, இரண்டு இருக்கின்றன என்றாள். ஒன்றில் துடிப்பு இருந்தது. வேகமாக, ஓடுகிற மாதிரி. மற்றது அசையாமல் இருந்தது.

விமானத்தில் வந்தது தப்பா என்று யூரிம் கேட்டாள். மருத்துவர் தலையை அசைத்தாள். இது இன்று நடந்ததில்லை, வளர்ச்சியைப் பார்த்தால் போன வாரமே நின்றிருக்கிறது, இரட்டையில் இப்படி ஒன்று தங்காமல் போவது நடக்கிறதுதான், மற்றதற்கு இப்போது ஆபத்து தெரியவில்லை என்றாள்.

லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகு யூரிம் விமானத்தில் நடந்ததைச் சொன்னாள். தேஷிக் கேட்டுக்கொண்டே ஓட்டினான். வாஷிங் மெஷின் என்றபோது மட்டும் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நிறுத்தினான்.

வீட்டு வாசலில் கல்தூண்களுக்கு நடுவே மூன்று கழிகளும் குறுக்கே செருகியிருந்தன. தீவில் ஆள் இல்லாத வீட்டைத்தான் அப்படி அடைப்பார்கள். ஆனால் மாமியார் உள்ளேதான் இருந்தார். முள்ளங்கிப் பாத்தி ஓரத்தில் குந்திக் களை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக அம்மா இப்படித்தான் அடைத்து வைத்திருக்கிறாள், கேட்டால் எரிந்து விழுகிறாள் என்று தேஷிக் சொன்னான்.

மறைப்பதில் இனி அர்த்தமில்லை என்று யூரிமுக்குப் பட்டது. முற்றத்திலேயே நின்று, இரண்டு இருந்தது, ஒன்று இருக்கிறது என்று சொல்லி முடித்தாள். மாமியார் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தார்.

"போன வாரம் விடிகாலைல ஒரு கனவு," என்றார். "ரெண்டு குதிரைக்குட்டி வந்து வாசல்ல நிக்குது. மொளச்சு வர்ற முள்ளங்கிய மேஞ்சுடுமேன்னு வெளக்குமாத்த எடுத்துட்டு ஓடினேன். ஒண்ணு என் கால் சந்துல பூந்து உள்ள ஓடிப்போச்சு. இன்னொண்ண கடல் வரைக்கும் வெரட்டினேன். முழிச்சப்பறமும் மனசு கேக்கல, எந்திரிச்சு வந்து கழியெல்லாம் போட்டேன்."

அவருடைய வாய் கோணிக்கொண்டு போயிற்று. "நீ சொல்லியிருந்தா நான் வெரட்டியிருப்பேனா? கேவலம் முள்ளங்கி!"

யூரிமுக்குக் கோபம் வரும் என்று தேஷிக் பயந்தான். அவள் போய் மாமியாருக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"அம்மா, அது போகல. வாசல்லதான் நின்னுக்கிட்டிருக்கு. நான் ரெண்டையும் சேத்துத்தான் வாங்கியிருக்கேன்," என்றாள். சொன்ன பிறகுதான், தான் அதை நம்புவது அவளுக்குத் தெரிந்தது.

மாமியார் எழுந்துபோய் மூன்று கழிகளையும் உருவிக் கீழே போட்டார். பிறகு மூவரும் உள்ளே போனார்கள். தேஷிக் ரேடியோவில் பாட்டைப் போட்டுவிட்டு அரிசி களைந்தான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. உலை கொதிக்கும் நேரத்தில் முற்றத்தில் சரளைக்கல் நெறிபடும் சத்தம் கேட்டது. நிதானமாக, நின்று நின்று வந்தது. மாமியார் பாட்டை நிறுத்தினார். எழப்போன யூரிமைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சாப்பிட்டுப் போகட்டும்," என்றார் தாழ்ந்த குரலில்.

சத்தம் அடங்கியபின் தேஷிக்தான் போய்ப் பார்த்தான். முள்ளங்கிப் பாத்தியில் ஓரமாக ஒரே ஒரு வரிசை அடியோடு மேயப்பட்டிருந்தது. மலையிலிருந்து மான் இறங்கியிருக்கும், இந்தப் பருவத்தில் இறங்கும் என்று சொன்னான். மாமியார் சோற்றை இறக்கி வைத்தார்.

ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். மாமியார் சியோலுக்குப் போய் அந்தக் கடற்பாசிக் கட்டைப் பிரித்து, தானே சூப் வைத்து யூரிமுக்கு ஊட்டினார். ஊருக்குத் திரும்பி முள்ளங்கி விதைத்தபோது, மேயப்பட்ட வரிசையிலும் வழக்கம்போல விதை போட்டார். அந்த வரிசையை மட்டும் அவர் பிடுங்குவதில்லை. ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு நாள் அது தானாகக் காலியாகிவிடுகிறது.