ஓரத்தில் நிற்பவள்

படம் ஆரம்பிக்கும் முன்பே அத்தை தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் போட்டுக்கொண்டார். பிரம்பு நாற்காலி, கனமில்லாதது. கூடத்தில் அதன் கால்கள் பட்டிருந்த இடங்கள் மட்டும் தரையில் வெளுத்துத் தெரிந்தன. ஞாயிறு மதியம். ஜன்னல் திரைகளை இழுத்து ஊக்கு குத்தியாகிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் தரையில் சப்பணமிட்டு, ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பல்லக்கா சோபாவில் காலை மடக்கிக்கொண்டு, பயம் வந்தால் முகத்தில் பொத்திக்கொள்ள ஒரு தலையணையை மடியில் வைத்திருந்தாள்.

"நீங்க பாருங்க. நான் பாத்திரத்தைக் கழுவுறேன்" என்றார் அத்தை. கழுவுவதற்கு ஒரு கரண்டிகூட மிச்சமில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் கூட்டம் இவ்வளவுதான். மெக்கானிக் கீழ் வீட்டுக்காரர். படத்தில் எங்காவது லிஃப்ட் வந்தால் தொலைந்தோம். கதவு அப்படித் திறக்காது, கம்பி வடம் அப்படி அறாது என்று அவர் பாடம் நடத்தி முடிப்பதற்குள் பேய் வந்து போய்விடும். பல்லக்கா மேல் வீடு. பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக்கொடுக்கும் வேலை, அதனால்தான் அந்தப் பேர். வாரம் முழுக்க அடுத்தவர் அலறலைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள், லீவு நாளிலும் அதையே கேட்க வருகிறாளே என்று கேலி செய்வோம். என் கணவர் இதில் சேர்த்தி இல்லை. அந்த நேரம் பார்த்து உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாரத்துச் சட்டைகளையெல்லாம் இஸ்திரி போடுவார். பேய்க்குப் பயமில்லை, சத்தம்தான் ஆகாது என்பார். நாங்களும் நம்புவதாகக் காட்டிக்கொள்வோம்.

எங்களுக்கெல்லாம் தலைமை அத்தைதான். என் மாமியார். துணி மில்லில், விளக்கு மேஜையின் மேல் ஓடும் துணியில் இழை விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படத்தையும் அப்படியே பார்ப்பார். செத்து நூறு வருஷம் ஆன பேயின் மணிக்கட்டில் வாட்ச் கட்டிய தழும்பு இருக்கிறது என்று ஒருமுறை சொல்லி, அழுதுகொண்டிருந்த பல்லக்காவைச் சிரிக்க வைத்துவிட்டார். கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் அவருக்கு உயிர்.

"கதவு திறக்கும். உள்ள யாருன்னு காட்ட மாட்டான். அதான்யா படம். இப்ப எடுக்கிறவனுங்க பல்லு, ஈறு, தொண்டை எல்லாத்தையும் கிட்ட கொண்டுவந்து காட்டுறானுங்க. இது பேய்ப் படமா, இவ ஆஸ்பத்திரி விளம்பரமா?" என்பார். பல்லக்கா தலையணையை அவர் மேல் எறிவாள்.

மெக்கானிக் புதுப் படக் கட்சி. "உங்க பழைய படத்துல பேய் மாடி இறங்கி வர்றதுக்குள்ள நான் ஒரு லிஃப்டையே ரிப்பேர் பண்ணிடுவேன்மா" என்று சீண்டுவார்.

"மெதுவா வந்தாதான் பேய். ஓடி வந்தா அது நாய்."

இப்படியே படம் ஓடிய நேரத்தைவிடப் பேசிய நேரம் அதிகமாகப் போகும். டீ ஆறிப்போய், அதை மறுபடி சுடவைத்துக் குடிப்போம்.

எனக்குப் பேய்ப் படம் பிடித்து இதில் சேரவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அத்தைக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. சண்டையும் கிடையாது. "சாப்பிட்டியா", "ஆச்சு" என்பதோடு சரி. பிறகு வயிற்றில் இருந்த என் குழந்தை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். அடுத்தது நிற்கும் என்றார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அழ வரவில்லை. வந்தாலும் எங்கே அழுவது? பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். ஒரு மதியம் அத்தை என் கையைப் பிடித்துக் கூட்டி வந்து சோபாவில் உட்கார வைத்தார். திரையை இழுத்துவிட்டு ஒரு பழைய படத்தைப் போட்டார். படத்தில் கதவு தானாகத் திறந்ததும் நான் கத்தினேன். அந்தக் காட்சி முடிந்தது. என் கத்தல் முடியவில்லை. படத்தில் யாரோ பூ பறித்துக்கொண்டிருந்தார்கள், நான் கத்திக்கொண்டே இருந்தேன். அத்தை டிவியை அணைக்கவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

"கத்திக்கோ. படம் ஓடுது" என்றார்.

பூவுக்கும் கத்தினேன், குதிரை வண்டிக்கும் கத்தினேன். தொண்டை கட்டிப்போகும் வரை கத்தினேன். அன்று ராத்திரிதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல்முறையாகத் தூங்கினேன். மறுநாள் மேல் வீட்டிலிருந்து இறங்கி வந்து, "நேத்து என்ன படம் போட்டீங்க? செம பேய் போலிருக்கே, அடுத்த தடவை என்னையும் கூப்பிடுங்க" என்று கேட்டவள்தான் பல்லக்கா. மெக்கானிக் அதற்கடுத்த வாரம் சேர்ந்துகொண்டார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கியது அப்படித்தான். அத்தைக்கு நான் நன்றி சொன்னதில்லை. மாமியாரிடம் போய் எந்த வார்த்தையில் அதைச் சொல்வது?

அத்தையின் கண் இந்த வருஷம் கெட்டது. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று போனோம். டாக்டர் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது என்றார். முழுக்க இருட்டாகிவிடாது, ஓரங்கள் தெரியும், நடுவில் மட்டும் ஒன்றும் இருக்காது. போனது திரும்பாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, அத்தை என்னைப் பார்த்து, "உன் காது ரெண்டும் இருக்கு. மூஞ்சிதான் போயிடுச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் நடப்பதைக் காதில் சொன்னேன். அது பெரிய சொதப்பல். பேய் எங்கே வரும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடும், அதற்கு முன்பே என் குரல் நடுங்கிவிடும். "பேய் உன் தொண்டைக்குள்ளயே வந்துடுது. அப்புறம் படத்துல என்ன இருக்கு?" என்றார் அத்தை. அதற்குப் பிறகுதான் அவர் மாறிப்போனார். என்னிடம் பேசும்போது என் முகத்துக்கு நேராகத் திரும்புவதில்லை. எனக்குப் பக்கத்திலிருக்கும் அலமாரியையோ கதவையோ பார்த்துக்கொண்டு பேசினார். படத்தைக் கெடுத்துவிட்டேன் என்று கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இப்போது நாற்காலியும் போய்விட்டது. என்னை மீட்டுக்கொண்டு வந்த இடத்திலிருந்து அவர் எழுந்துபோகிறார், நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வாயே திறக்க மாட்டேன்."

"ஒண்ணும் தெரியாம உக்கார எந்த ரூமா இருந்தா என்னடி?"

"நீங்க இல்லாம எனக்குக் கத்த வரல."

குழாயை மூடினார். நாற்காலியை நான் தூக்கிக்கொண்டேன்.

அது மெக்கானிக் கொண்டுவந்த புதுப் படம். ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிவந்து, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் பற்றியும் வாடகை பற்றியும் பேசிக்கொண்டே இருந்தது. பல்லக்கா கொட்டாவி விட்டாள். "கொஞ்சம் பொறுங்க, அரை மணி நேரம் இப்படித்தான் இழுக்கும்" என்றார் மெக்கானிக், தானே எடுத்த படம் மாதிரி கூச்சத்தோடு.

"அந்தப் பொம்பள ஏன் சாப்பிட வரல?" என்றார் அத்தை.

"எந்தப் பொம்பளம்மா?"

"பீரோ பக்கத்துல நிக்கிறாளே. ரொம்ப நேரமா."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கண் போனது போதாதென்று இதுவும் சேர்ந்துகொண்டதா என்றுதான் முதலில் நினைத்தேன். மெக்கானிக் படத்தைப் பின்னால் ஓட்டி நிறுத்தினார். எங்களுக்குச் சாப்பிடுகிறவர்கள்தான் தெரிந்தார்கள். அவர் எழுந்துபோய் டிவியின் ஓரத்தில், பீரோ இருந்த இடத்தில் விரலை வைத்தார். விரலுக்குப் பக்கத்தில், இருட்டோடு இருட்டாக ஒரு பெண்ணின் நெற்றியும் ஒரு கண்ணும் ஒரு தோளும் இருந்தன. அவள் மேஜையைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்லக்கா போட்ட சத்தத்தில் தலையணை டீக் கிளாஸைத் தட்டிவிட்டது. நானும் கத்தினேன். உள் அறையிலிருந்து என் கணவர், கதவைத் திறக்காமலே, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லடா, பேய்தான். நீ சட்டையைத் தேய்" என்றார் அத்தை.

அதன் பிறகு நாங்கள் படம் பார்க்கவில்லை, அத்தையின் விரலைப் பார்த்தோம். மாடிப்படிக் கைப்பிடிக்குப் பின்னால், திரைச்சீலை மடிப்பில், குளியலறைக் கண்ணாடியின் விளிம்பில் என்று அவள் நின்ற இடத்தையெல்லாம் அத்தைதான் காட்டினார். நடுவில் பேசுகிறவர்களின் முகத்தை விட்டு எங்கள் கண் நகர மாட்டேன் என்றது. அத்தைக்கு அந்த முகங்களே இல்லை. ஓரம் மட்டும்தான் அவருக்குப் படம். "தியேட்டர்ல ரெண்டு தரம் பார்த்தேன்மா. இவ இருக்கிறதே எனக்குத் தெரியாது" என்று மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

படம் முடிந்ததும் வழக்கமான வாதம் ஆரம்பித்தது. அத்தை பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரை அப்படிப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. "இவன் பழைய படமா பார்த்து வளர்ந்த பையன். காட்டாம காட்டுறான். கடைசியில மட்டும் பொறுமை இல்லாம பல்லைக் காட்டிட்டான்" என்றார்.

"அப்போ புதுசும் பரவாயில்லன்னு ஒத்துக்கறீங்க."

"இந்த ஒண்ணு. இது மாதிரி வேற இருந்தா கொண்டா, சொல்றேன்."

மெக்கானிக்குக் காது வரை சிரிப்பு. கொட்டிய டீயைப் பல்லக்காவே துடைத்துவிட்டுப் போனாள். போகும்போது மாடிப்படியில் மூலைகளைப் பார்த்துப் பார்த்து ஏறினாள்.

நான் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அத்தை வந்து சமையலறை வாசலில் நின்றார். "அடுத்த வாரம் சீக்கிரம் ஆரம்பிக்கணும்" என்றார். கண் என் மேல் இல்லை. எனக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"என் மேல கோபமா அத்தை?"

"எதுக்கு?"

"மூஞ்சியைப் பார்த்தே பேச மாட்டேங்கறீங்க."

அத்தை சிரித்துவிட்டார். "நேரா பார்த்தா நீ இருக்கிற இடத்துல ஒண்ணுமே இல்லடி. சுவத்தைப் பார்த்தா நீ ஓரத்துல வந்து நிக்கிற, அந்தப் பீரோக்காரி மாதிரி. உன்னைப் பார்க்கத்தான் அங்க பார்க்கறேன்."

எத்தனை வாரம் என்று மனது கணக்குப் போட்டது. அத்தை அலமாரியைப் பார்த்தது, கதவைப் பார்த்தது, ஃபிரிட்ஜைப் பார்த்தது. எல்லாம் என்னைப் பார்த்ததுதான்.

"அன்னைக்கு சத்தத்தைக் கூட்டி வெச்சீங்களே அத்தை" என்றேன். "நான் பிழைச்சது அதனாலதான். உங்ககிட்ட சொன்னதே இல்ல."

"என்னத்தைச் சொல்றது? படம் ஓடுச்சு." தலையை லேசாகத் திருப்பிக்கொண்டு, "ஆடாம நில்லு" என்றார்.

கழுவிய கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்றேன். தண்ணீர் முழங்கை வழியாக இறங்கிப் பாதத்தில் சொட்டியது. நான் துடைத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த ஸ்விட்ச் போர்டையே அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்.