பின்பக்கத்து வெட்டு

...முன்பக்கம் அறுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், லேபுக்கு வந்த குடலில் கட்டிக்கு நேர் பின்னால் போயிருக்கிறது கத்தி, மேலிருந்து கீழ்வரை, இனி நான் ஓரம் தெரிய மை தடவி என்ன, வாழைத்தண்டு மாதிரி வில்லை வில்லையாக நறுக்கித்தான் என்ன... மலக்குடலைச் சுற்றிய கொழுப்பு உறை கிழியாமல் வெளியே வந்ததா என்று பார்த்துச் சொல்வது என் வேலை, கிழிந்திருந்தால் உறுவையாறு உலகநாதன் வயிற்றுக்குள் புற்று மிச்சம் தங்கியிருக்கலாம், மறுபடி வளரலாம், மேற்கொண்டு வைத்தியம் வேண்டும், இப்படி வெட்டிவிட்டால் கிழிந்தது எது, கத்தி அறுத்தது எது, யார் சொல்வது? ஆபரேஷன் செய்த அருள்முருகன் சார் போனில் சிரிக்கிறார், "சொந்தக்காரங்களுக்குக் காட்டலன்னா நம்ப மாட்டாங்கம்மா ஜெஸிமா, அதான் பொளந்து காட்டுனேன், உறை முழுசுன்னு போட்டுடு," எப்படி சார் போடுவது என்றால், "ஃபார்மலின மோந்து மோந்து மூள ஊறிடுச்சா உனக்கு?" வைத்துவிட்டார்.

காட்டுவது இங்கே வழக்கம்தான், தியேட்டர் வாசலில் தட்டை நீட்டுவார்கள், கும்பலே எட்டிப் பார்க்கும், ஆனால் கட்டியைக் காட்ட முன்பக்கம் அறுத்தால் போதுமே, ஏன் பின்னால்? குறையை எழுதிக் கொடுத்தால் அடுத்த வயிற்றில் கை திருந்தும் என்று படித்தேன், போன வருஷம் இவருடைய வேறொரு கேஸுக்கு எழுதினேன், பின்பக்கம் உறை கிழிந்திருக்கிறது என்று, போட்டோகூட வைத்தேன், கொஞ்ச நாள் அவருடைய சாம்பிள் எல்லாம் வேறு லேபுக்குப் போனது, அவ்வளவுதான் திருத்தம்... ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தையலம்மாள், உலகநாதனின் மனைவி, "இன்னா டாக்டரம்மா, ரிப்போர்ட் வந்துச்சா? கரும்பு வெட்டு நடக்குது, வூட்ட போட்டுட்டு வந்து நிக்கறேன்." வரும், வரும்... உங்களுக்குப் பொளந்து காட்டினார்களா என்று சும்மாதான் கேட்டேன். "பொளக்கலயே, முழுசாத்தான் இருந்துச்சு, பின்னால மட்டும் பிஞ்சி தொங்கிச்சு, இன்னா சார் இப்டி பிஞ்சிருக்குதுன்னு எம் பையன் கேட்டான், டாக்டரு தட்ட மூடி உள்ள எடுத்துக்கினு போய்ட்டாரு."

அதற்கப்புறம்தான் கத்தி, கிழிசலின் மேலேயே. உறையின் நிலையைக் கணிக்க இயலவில்லை என்று எழுதலாம், அது பொய்யும் இல்லை, எல்லோரும் தப்பித்துக்கொள்வோம், உலகநாதனைத் தவிர... போன வருஷம் எழுதியது வீணாகவில்லை, சார் வரிவிடாமல் படித்திருக்கிறார், நான் எந்த இடத்தைப் பார்ப்பேன் என்று கற்றுக்கொண்டிருக்கிறார், நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்... தையலம்மாள் இன்னும் கம்பியை விடவில்லை, "பின்னால பிஞ்சி தொங்கிச்சே, அது அப்டித்தானே இருக்கும், டாக்டரம்மா?"