முதல் நாள் உட்கார்ந்தவர்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. பின்னே? ஓவியர் சங்கத்துக்கு ஐம்பது வயது. அந்த ஐம்பது வருஷக் கதை புத்தகமாக வரப்போகிறது. எழுதியவர் இவர்தான், சங்கச் செயலாளர் வேறு. மத்தியானம் இரண்டு மணிக்கு அச்சு ஏறுகிறது. படங்களுக்குக் கீழே போடுகிற வரிகள் மட்டும் பாக்கி. கடையைப் பூட்டிவிட்டுச் சங்கத்து அறைக்கு வந்து, நீள மேஜை முழுக்கப் படங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரே ஒரு உறுத்தல்தான். அத்தை, அதாவது அவருடைய அப்பாவின் அக்கா. சங்கத்தை ஆரம்பித்த ஆறு பேரில் அப்பா ஒருவர். அத்தையோ, "ஆறு இல்லடா, ஏழு. நானும்தான்" என்று ஆயுசு பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா இருந்தவரைக்கும், "அக்காவா? சும்மா உட்கார வெச்சு வரைஞ்சோம். அதுக்கே சங்கத்தைத் தானே தூக்கி நிறுத்தின மாதிரி பேசறா!" என்பார். வீடே சிரிக்கும். போன வாரம் இவரும் சிரித்தார்.

"ஆதாரம் இருந்தா காட்டுங்க அத்தை, போட்டுடறேன். முதல் நாள் படம் ஆறு இருக்கு. ஆறுலயும் கையெழுத்து இருக்கு. உங்க கையெழுத்து எங்க?"

அத்தை தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். "என் பேர் இல்லாத புத்தகத்தை இந்த வாசலுக்குக் கொண்டு வராதே. நீயும் வராதே" என்றாள். எழுபத்தாறு வயதில் அவள் கேட்டது ஒரே ஒரு வரி. அதைக்கூடத் தராமல் எழுந்து வந்திருந்தார் மனுஷன்.

சரி, வேலைக்கு வருவோம். இந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாளை உட்கார வைத்து வரைவது கிடையவே கிடையாது. வாராவாரம் உறுப்பினர்களிலேயே ஒருவர், முறை வைத்து, நாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் வரைய வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களிடம் கண்ணாடிக்காரர் இதை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். "உங்க கழுத்து வலிச்சாத்தான் அடுத்தவன் கழுத்தை ஒழுங்கா வரைவீங்க" என்று ஒரு நக்கலும் உண்டு.

அதனால் எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி வரிதான்: வரைந்தவர் இன்னார், உட்கார்ந்த உறுப்பினர் இன்னார். அறுபது படங்களுக்கு மளமளவென்று எழுதித் தள்ளினார். அடுத்தது அந்த ஆறு முதல் நாள் படங்களில் ஒன்று. வரைந்தவர் என்று போட்டு அப்பா பேரை எழுதினார். உட்கார்ந்த உறுப்பினர் என்று போட்டு அத்தை பேரை எழுதினார்.

எழுதின கை அப்படியே நின்றது. உட்கார்ந்த உறுப்பினரா?

"அட மடையா!" என்று தன்னையே சத்தமாகத் திட்டிக்கொண்டார். பாய்ந்து போய் பீரோவைத் திறந்து, சங்கக் கூட்டங்களைக் குறித்து வைத்த முதல் நோட்டை இழுத்தார். முதல் பக்கத்தில் இருந்த தேதியும் படத்தில் இருந்த தேதியும் ஒன்றேதான். கீழே அப்பா கையெழுத்தில், அவர் ஐம்பது தடவை படித்த முதல் விதி: 'வெளியார் உட்காரக் கூடாது. கூட்டத்தைக் கூட்டுகிறவர் முதலில் உட்கார வேண்டும்.'

உட்காருகிறவர் அன்றைக்கு வரைய மாட்டார். வரையாதவர் கையெழுத்துப் போட மாட்டார். கையெழுத்தை எண்ணினால், எல்லாரையும் கூட்டிய ஆள் ஒருத்தர்தான் விட்டுப்போவார்! அத்தை ஏழாவது ஆள்கூட இல்லை, முதல் ஆள். ஊருக்கெல்லாம் பார்வை சரி பண்ணுகிற மனுஷனுக்கு இது இத்தனை நாள் கண்ணில் படவில்லை, பாருங்கள்.

மணி ஒன்றரை. அச்சகக்காரருக்கு போன் போட்டார். "மெஷினை நிறுத்துங்க!"

"இன்னும் ஓட்டவே ஆரம்பிக்கல சார், சாப்பிட்டுட்டு இருக்கேன். எதுவானாலும் ரெண்டுக்குள்ள சொல்லுங்க. அப்புறம் வேற வேலை ஏறிடும்."

"ஒரு பேர் சேர்க்கணும். எங்க அத்தை! அப்பாவோட அக்கா! இருங்க, கேட்டுட்டு வரேன்!" என்று கத்திக்கொண்டே நோட்டைக் கக்கத்தில் இடுக்கிச் செருப்பை மாட்டினார். ஒன்றை மாட்டி, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கியதை எதிர்க் கடைக்காரர்கள் பார்த்தார்கள்.

அத்தை கதவைப் பாதிதான் திறந்தாள். "புத்தகமா?"

"இல்ல அத்தை, நோட்டு. நீங்கதான் கூட்டினீங்களா?"

அவள் நோட்டைப் பார்த்தாள். கதவை முழுசாகத் திறந்தாள்.

"பின்னே யாரு? நான் தைச்சிட்டிருந்த கடைக்கு மேல ஒரு ரூம் காலியா கிடந்துச்சு. ஆறு பேரையும் நான்தான் கூப்பிட்டேன். வந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னானுங்க. சரின்னு நானே போய் உட்கார்ந்தேன்."

"அடுத்த வாரம் நீங்க வரைஞ்சிருக்கணுமே?"

"பென்சிலைச் சீவி எடுத்துக்கிட்டுத்தான் போனேன். உங்கப்பன் டீ போடச் சொன்னான், போட்டேன். அதுக்கடுத்த வாரமும் சொன்னான்."

"தப்பு பண்ணிட்டோம் அத்தை. நானும் பண்ணிட்டேன்" என்றார் கண்ணாடிக்காரர். அதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், மணி ஆச்சு. பேருக்குப் பக்கத்துல இன்னாரோட அக்கான்னு போட்டுடவா? அப்பத்தான் ஜனங்களுக்குப் புரியும். சங்கத்தை ஆரம்பிச்சவங்க பட்டியல்ல கடைசியில ஒரு வரிக்கு இடம் இருக்கு."

அத்தை போனைப் பிடுங்கினாள். தன் பேரை, எழுத்து எழுத்தாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு, "மத்த ஆறு பேருக்கும் யாரோட தம்பின்னு போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்ப எனக்கும் வேண்டாம். கடைசி வரியும் வேண்டாம். மேலே போடுங்க."

"மேலே இடமே இல்லம்மா. அந்த ஆறு பேரையும் ஒரு வரி கீழே இறக்கணும்."

"இறக்குங்க" என்றாள் அத்தை.