பேஸுக்கு நான்கு சாய்கோடுகள்

1

"எல்லாரும் நடுவுல மூச்சு வாங்கறாங்க. அந்தப் பெரிய வயலின் மாமா மட்டும் ஏம்மா நிறுத்தவே மாட்டேங்கறாரு?"

என் மகள் ஒருமுறை கேட்டது. இந்தக் கதை அங்கே பிறந்தது. அது வயலின் இல்லை, ஆளுயர பேஸ். ஸ்விங் என்ற ஜாஸ் வகை வாசிக்கும் இசைக்குழுவில் அது நாலு நாலு அடியாக நடந்துகொண்டே இருக்கும். அதற்கென்று யாரும் கைதட்டுவதில்லை. அது நின்றால் மட்டும் எல்லோரும் தடுக்கி விழுவார்கள்.

2

(முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை பெய்த மாலையில் ஒத்திகை அறை..." மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

என் நாத்தனார் அப்படியொரு குழுவுக்கு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக இசைத்தாள் எழுதுபவர். சேர்ந்த முதல் மாதம், ஓய்வே இல்லாத பேஸுக்குப் பக்கம் திருப்பும் இடத்தைப் பாட்டின் நடுவில் வைத்துவிட்டார். பேஸ்காரரைக் குழுவில் 'தூண்' என்பார்கள். அவர் இடக்கையால் தாளைத் திருப்ப, வலக்கை விரல் அழுத்தாத வெறுந்தந்தியை மீட்டியது. சுரம் பிசகியது.

"என்ன சார், தூக்கமா?" என்றார் குழுத் தலைவர்.

"அசந்துட்டேங்க."

"தூணே சாஞ்சா கூரை என்னண்ணே ஆகும்?" என்றார் டிரம்ஸ்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

தூண் தாளைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் நாத்தனாருக்கு வேலை போயிருக்கும். "தப்பு என்னுதுன்னு நான் வாயைத் திறக்கலையே" என்று நாத்தனார் பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

3

இப்போது தூணின் இடக்கைச் சுண்டுவிரல் மடங்குவதில்லை. வெளியில் சொல்லவில்லை, நாத்தனார் பார்த்துவிட்டார். புதுத் தலைவர் வெள்ளிக்கிழமை புதுப் பாட்டைக் கொடுத்து, எழுதியதை எழுதியபடி வாசிக்கச் சொல்வார். தேறாவிட்டால் வேறு ஆள்.

மூலப்பிரதியில் பேஸுக்கு வெறும் சாய்கோடுகள்தான்: ஓர் அடிக்கு ஒன்று, மேலே சுரக்கூட்டின், அதாவது கார்டின், பெயர். "நடையை நீங்களே நிரப்பிடுங்கம்மா" என்று நாத்தனாரிடம் சொல்லியிருந்தார் தலைவர்.

அந்தத் தாளைப் பார்த்து மலைத்துப்போனேன். ஒரு கூட்டிலிருந்து அடுத்ததற்குப் போக நாலே அடி. ஆனால் எத்தனை வழிகள்! எல்லாமே சரியான வழிகள். அருளும் இப்படித்தானோ என்று... (பிரசங்கம். நிறுத்துகிறேன்.)

4

புதன்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போனேன். மேசைமேல் துடைப்பக் கம்பு, அதில் சாக்குக்கட்டியால் கோடுகள். அவருடைய இடக்கைச் சுண்டுவிரலில் நூல் சுற்றி ஒரு குச்சி கட்டியிருந்தது.

"விரலுக்கு என்னாச்சு அண்ணி?"

"கதவுல மாட்டிக்கிச்சு."

"கம்புல எதுக்குக் கோடு?"

"வந்தவளுக்கு வாய் சும்மா இருக்காதா? காபி போடு, போ."

அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை நான் எழுதுகிறேன்: கம்புதான் பேஸின் கழுத்து; தன் சுண்டுவிரலைக் கட்டிப்போட்டு, தூணின் மூன்று விரலுக்கு எட்டும் வழியைத் தேடுகிறார்.

5

முடிவு ஒன்று: தூணுக்கு மூன்று விரல்களும் வெறுந்தந்திகளும் போதுமானவையாக இருக்கின்றன. முடிவு இரண்டு: போதவில்லை. இரண்டையும் எழுதி, இரண்டையும் கிழித்தேன். பலன் நம் கையில் இல்லை என்று நம்புகிறவள் நான். வெள்ளிக்கிழமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வியாழக்கிழமை போதும். ஒத்திகை அறைக்கு இன்னும் வேறு ஒருவரும் வரவில்லை. நாத்தனார் தான் நிரப்பிய பேஸ் தாளைத் தூணின் தாங்கியில் வைத்து, காற்றில் பறக்காமல் கிளிப் மாட்டுகிறார். வாசலில் நின்று இதை எழுதினால், அவர் யாருக்கும் சொல்லாத இந்த உதவிக்கு நான் சாட்சியாகிவிடுவேன்.

ஆகவே போய்விடுகிறேன். நீங்களும் வாருங்கள்.